ஜிஎஸ்டி தணிக்கைப் பட்டியலில் ஒரு கடையின் பெயர் எப்படி ஏறுகிறது?

ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததும் பெரும்பாலான கடைக்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை, “யாரோ போட்டுக்கொடுத்துட்டாங்க” என்பதுதான். பக்கத்துக் கடைக்காரர், வேலையை விட்டுப் போன கணக்கர், சண்டை போட்ட சப்ளையர் என்று வரிசையாகச் சந்தேகம் வரும். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலான நேரம் போட்டுக்கொடுத்தது நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்ன்தான். ஒரு இடத்தில் ஒரு எண்ணும், இன்னொரு இடத்தில் வேறொரு எண்ணும் கொடுத்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது.

1939-இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இங்கே வியாபாரிகளுக்கு அது ‘சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ்’தான். நடுவில் 2007-இல் வாட் வந்தது, 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. அலுவலகத்தின் பெயர் வாயில் மாறவில்லை என்றாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை தலைகீழாக மாறிவிட்டது. இந்தக் கட்டுரை, குடும்பக் கடையின் கணக்கைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கும், சொந்தமாகத் தொழில் தொடங்கி ஓரிரு ஆண்டு ஆனவர்களுக்கும்.

முதலில், வந்திருப்பது எது என்று பாருங்கள்

எல்லாத் தாளையும் ‘ஆடிட் நோட்டீஸ்’ என்று சொல்லிப் பதறுவது வழக்கம். அப்படி இல்லை.

ஏஎஸ்எம்டி-10 என்ற படிவம் வந்தால் அது ரிட்டர்ன் பரிசீலனை. ஜிஎஸ்டி சட்டத்தின் 61-ஆம் பிரிவு. அதிகாரி மேசையில் இருந்தபடியே உங்கள் ரிட்டர்னைப் பார்த்து, “இந்த எண் ஏன் இப்படி?” என்று கேட்கிறார். 30 நாளுக்குள் ஏஎஸ்எம்டி-11-இல் பதில் போட வேண்டும். பதில் சரியென்றால் ஏஎஸ்எம்டி-12 கொடுத்து முடித்துவிடுவார்.

டிஆர்சி-01பி, டிஆர்சி-01சி இரண்டும் ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலே அனுப்பும் கேள்விகள். முதலாவது, விற்பனைப் பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டிய வரியைவிட, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் (சுருக்கமாக 3பி) கட்டியது குறைந்திருந்தால் வரும். இரண்டாவது, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரியும் இன்புட்டைவிட (கொள்முதலில் கொடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரி) 3பி-யில் அதிகம் எடுத்திருந்தால் வரும். இரண்டுக்கும் 7 நாள்தான் அவகாசம். பேசாமல் இருந்தால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அப்புறம் உங்களிடம் வாங்கியவருக்கு இன்புட் தெரியாது, அவர் போன் மேல் போன் போடுவார்.

ஏடிடி-01 வந்தால்தான் அது உண்மையான துறைத் தணிக்கை. 65-ஆம் பிரிவு. ஓர் ஆண்டோ சில ஆண்டுகளோ, மொத்தக் கணக்கையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

இவற்றைத் தவிர 66-ஆம் பிரிவில் சிறப்புத் தணிக்கை உண்டு. ஆணையர் நியமிக்கும் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் வந்து பார்ப்பார், அவருக்கான கட்டணத்தைத் துறையே கொடுக்கும். சிறு வியாபாரிகளுக்கு இது அபூர்வம். 67-ஆம் பிரிவு சோதனை, அதாவது ஊரில் ‘ரெய்டு’ என்பது, தனிக் கதை. அதையும் தணிக்கையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வந்த கடிதம் அசலா என்று பார்ப்பதும் இதே கட்டத்தில்தான். மத்திய அலுவலகக் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், போர்ட்டல் வழி வருபவற்றில் குறிப்பு எண் இருக்கும். இரண்டையும் இணையத்திலேயே சரிபார்க்கலாம். “உங்க பேரு ஆடிட் லிஸ்ட்ல இருக்கு, பேசி முடிச்சுக்கலாம்” என்று போனில் ஒருவர் சொன்னால், பேசுவதற்கு முன் போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.

பட்டியலைப் போடுவது யார்?

உங்கள் கடை மாநிலத்தின் கீழா, மத்திய அரசின் கீழா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குக் கீழே உள்ளவர்களில் 90 சதவீதம் பேர் மாநிலத்திடம், அதற்கு மேல் பாதிக்குப் பாதி என்பது 2017-இல் ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவு. பதிவு எண்ணைப் போர்ட்டலில் தேடினாலே உங்கள் சரகம் எது என்று வந்துவிடும். தமிழ்நாட்டில் மாநிலம் என்றால் வணிகவரித் துறை.

மத்திய அரசுப் பக்கம், தரவுகளைப் பிரித்துப் பார்த்து ‘இவரைப் பாருங்கள்’ என்று சொல்வதற்கென்றே டிஜிஏஆர்எம் என்ற தனி இயக்குநரகம் இருக்கிறது. மாநில அதிகாரிகளுக்கும் ஜிஎஸ்டி நெட்வொர்க் தரும் பைஃபா போன்ற ஆய்வுக் கருவிகள் உண்டு. இந்தக் கருவிகள் ரிட்டர்ன், சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் இ-வே பில், இ-இன்வாய்ஸ், சுங்கத் துறை இறக்குமதி விவரம், வருமான வரித் தகவல் என்று பலவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கின்றன. பெரிய நிறுவனங்கள் அளவு காரணமாகவே அடிக்கடி வரிசையில் வரும். நடுத்தரக் கடைக்கும் சிறு கடைக்கும் முரண்பாடுதான் முக்கியக் காரணம்.

அதனால், அவர்கள் பார்க்கும் அதே ஒப்பீட்டை அவர்களுக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும். உண்மையான வேலை இதுதான், மீதி எல்லாம் இதற்கு அப்புறம்.

விற்பனை: ஜிஎஸ்டிஆர்-1, 3பி, இ-வே பில்

ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 42 லட்சத்துக்குப் பில் போட்டார்கள், 18 சதவீதத்தில் வரி 7,56,000. அதே மாதம் ஒரு பில்டர் 2.5 லட்சத்துக்கான சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணக்கர் 3பி போடும்போது அதைக் கழித்து 7,11,000 கட்டினார். ஆனால் ஜிஎஸ்டிஆர்-1-இல் கிரெடிட் நோட்டை ஏற்றவில்லை. கடைக்காரர் ஏமாற்றவே இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது, 45,000 ரூபாய் வரி குறைகிறது என்பது மட்டும்தான். இப்படி நாலைந்து மாதம் சேர்ந்தால் பெயர் மேலே வந்துவிடும்.

1-ஐப் போட்டுவிட்டு 3பி-க்கு முன் தவறு தெரிந்தால் திருத்துவதற்கு 2024 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. 3பி-யில் கையால் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இ-வே பில்லை மறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு 1 லட்சத்துக்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேலும் இ-வே பில் வேண்டும். பில்லை ரத்து செய்துவிட்டு இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யாமல் விட்டால், சரக்கு போனதாகவே பதிவு நிற்கும், விற்பனையில் அது இருக்காது. திருப்பூர், கோவை பக்கம் இன்னொன்று உண்டு. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாளிடம் வேலை செய்து வாங்க, துணியோ உதிரிபாகமோ டெலிவரி சலானில் போகும், அதற்கும் இ-வே பில் போடுவார்கள். ஆண்டுக் கடைசியில் இ-வே பில் மொத்தம் விற்பனையைவிடப் பெரிதாகத் தெரியும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சலான்களைத் தனிக் கோப்பில், எது போனது எது திரும்பி வந்தது என்று எழுதி வைத்திருந்தால் அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். இல்லாவிட்டால் அதே விஷயம் மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்புட்: தணிக்கைக்கு மிகப் பிடித்த இடம்

2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் ஏற்றி 2பி-யில் தெரிந்தால்தான் இன்புட் எடுக்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கையில் பில் இருக்கிறது, பணம் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. மாதாமாதம் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பக்கத்தில் வைத்து டிக் அடியுங்கள். 2பி-யில் வராத பில்லைத் தனியாக ஒரு பட்டியலில் போட்டு, சப்ளையருக்கு வாட்ஸப்பிலாவது எழுதிக் கேளுங்கள். ஒரு நிதியாண்டின் இன்புட்டை அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் போடுவதற்குள், எது முந்தியதோ அதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

2பி-யில் இருப்பதெல்லாம் எடுக்கலாம் என்று நினைப்பது இதற்கு நேர் எதிரான தவறு. முதலாளியின் கார், தீபாவளிக்குக் கொடுத்த இனிப்பும் அன்பளிப்பும், கடைக் கட்டடம் கட்டிய சிமெண்ட், வீட்டுக்கு வாங்கிய ஏசி எல்லாமே கடை ஜிஎஸ்டி எண்ணில் வாங்கினால் 2பி-யில் வரிசையாக வந்து நிற்கும். 17(5) பிரிவில் இவற்றுக்கு இன்புட் கிடையாது. மொத்தமாக டவுன்லோடு செய்து அப்படியே எடுத்துவிடும் அலுவலகங்களில் இது சர்வசாதாரணம்.

180 நாள் விதியும் அப்படித்தான். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதிகாரி இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டாம். ஐந்தொகையில் ‘கொடுக்க வேண்டியவர்கள்’ பட்டியலைப் புரட்டினால் போதும்.

லாப நட்டக் கணக்கை அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்

ஆடிட்டர் போட்டுக் கொடுத்த லாப நட்டக் கணக்கை நாம் கடைசி வரிக்குத்தான் பார்ப்போம். தணிக்கைக்கு வருபவர் ஒவ்வொரு செலவு வரியிலும் நிற்பார்.

‘லாரி வாடகை 3,60,000’ என்று இருக்கும். லாரி சர்வீஸ் தானே ஜிஎஸ்டி போட்டுப் பில் தராதபோது அந்த வரியை நீங்கள் கட்ட வேண்டும். வாங்குபவரே வரி கட்டும் இந்த முறைக்குப் பெயர் ஆர்சிஎம். 5 சதவீதம் என்றால் 18,000. 3பி-யில் ஆர்சிஎம் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் கேள்வி தயார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 18,000-ஐ அந்தந்த மாதமே ரொக்கமாகக் கட்டியிருந்தால் அப்படியே இன்புட்டாகத் திரும்ப எடுத்திருக்கலாம், கைநட்டம் இல்லை. மூன்று வருடம் கழித்துப் பிடிபட்டால் வட்டி மட்டும் சுத்தமாகக் கையை விட்டுப் போகும். புக்கிங் ரசீது கொடுக்காத உள்ளூர் டெம்போ வாடகை இதில் சேராது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் ‘லாரி வாடகை’ என்று எழுதி வைத்தால் பிரித்துக் காட்டுவது உங்கள் பாடு. டாலியில் இரண்டு லெட்ஜர் திறப்பதற்குக் காசா பணமா?

வக்கீல் கட்டணமும் இதே வகைதான். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடமிருந்து கடையோ குடோனோ வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த வாடகைக்கும் 18 சதவீதம் நீங்கள்தான் கட்ட வேண்டும். புதிது என்பதால் இது நிறையப் பேருக்கு விட்டுப்போகிறது.

வரவுப் பக்கமும் பார்ப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ஓர் ஆண்டு மொத்த வரவு 1.98 கோடி, ஜிஎஸ்டியில் 1.92 கோடி என்று வையுங்கள். 6 லட்சம் எங்கே? அலசினால், முதலாளி பெயரில் உள்ள ஒரு குடோனுக்கு வந்த வாடகை 4.2 லட்சம், கழிவு இரும்பு விற்றது 1.5 லட்சம், டெபாசிட் வட்டி 30,000. வட்டிக்கு வரி இல்லை. ஆனால் குடோன் வாடகைக்கு உண்டு. தனி முதலாளி கடை என்றால் பான் எண் ஒன்றுதான். ‘அது என் சொந்த வருமானம், கடைக்குச் சம்பந்தம் இல்லை’ என்ற பதில் அங்கே எடுபடாது. கழிவு இரும்பு விற்றதற்கும் பில் போட்டிருக்க வேண்டும். இப்படி அலசி எழுதிய ஒரு தாள் ஆண்டுதோறும் கோப்பில் இருந்தால், கேள்வி வரும்போது ஆடிட்டர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. வரி விட்டுப்போயிருந்தாலும் நீங்களே முந்திக் கட்டிவிடலாம்.

கையிருப்பு பற்றி ஒரு வார்த்தை. ஏட்டில் சரக்கு இருப்பு வருடாவருடம் ஏறிக்கொண்டே போய், கடையில் வைக்க இடமே இல்லாத அளவுக்கு இருந்தால், பில் போடாமல் விற்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது எண்ணிப் பாருங்கள்.

சப்ளையர் சரியில்லாவிட்டால்

உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் நோட்டீஸ் வரும் ஒரு வழி இது. சரக்கே அனுப்பாமல் பில் மட்டும் விற்கும் ஆட்கள் பழைய இரும்பு, கம்பி, சிமெண்ட் போன்ற வியாபாரங்களில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். ஒருவரைப் பிடித்தால், அவர் யார் யாருக்குப் பில் போட்டாரோ அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். அவருடைய பதிவை முன்தேதியிட்டு ரத்து செய்துவிட்டால் உங்கள் இன்புட்டும் கேள்விக்குள்ளாகும்.

புது சப்ளையரிடம் வாங்கும் முன் போர்ட்டலில் அவர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா, எப்போது எடுத்தது, கடைசியாக எந்த மாதம் 3பி போட்டிருக்கிறார் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மார்க்கெட் விலையைவிடச் சந்தேகப்படும்படி குறைத்துக் கொடுத்தால் இரண்டு முறை பாருங்கள். சரக்கு உண்மையில் வந்தது என்பதற்கு இ-வே பில், எடைமேடைச் சீட்டு, லாரி ரசீது, வங்கி வழியாகப் பணம் கொடுத்த விவரம் நான்கையும் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் பேசப்போவது இந்தத் தாள்கள்தான்.

மற்ற காரணங்கள் சுருக்கமாக. ரீஃபண்டு கேட்பவர்களை, முக்கியமாக ஏற்றுமதியாளர்களை, கூடுதலாகப் பார்ப்பார்கள். வரி முழுவதையும் இன்புட்டிலேயே கழித்து ரொக்கமாக எதுவும் கட்டாதவர்கள் கண்ணில் படுவார்கள். அரசு ஒப்பந்தக்காரர்களுக்குத் துறை பிடிக்கும் 2 சதவீத டிடிஎஸ்-உம், ஆன்லைனில் விற்பவர்களுக்கு அந்தத் தளங்கள் பிடிக்கும் டிசிஎஸ்-உம் உங்கள் விற்பனையை முன்கூட்டியே சொல்லிவிடும். பில் கொடுக்கிறீர்களா என்று பார்க்க அதிகாரியே வாடிக்கையாளர்போல் வந்து வாங்கும் ‘டெஸ்ட் பர்சேஸ்’ சட்டத்தில் இருக்கிறது. வியாபாரிகள் சங்கங்கள் எதிர்த்தாலும் அது இன்னும் சட்டம்தான். புகாரும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஏடிடி-01 வந்துவிட்டது, என்ன செய்வது?

நோட்டீஸுக்கும் தணிக்கைக்கும் நடுவே குறைந்தது 15 வேலை நாள் இருக்க வேண்டும். அந்த நாட்களை அழுகையில் செலவழிக்காமல், அவர்கள் கேட்ட பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றுக்கு எதிரிலும் ‘இருக்கிறது, இல்லை, ஆடிட்டரிடம்’ என்று குறியுங்கள். வழக்கமாகக் கேட்பது ஐந்தொகை, டிரயல் பேலன்ஸ், விற்பனை, கொள்முதல் பதிவேடுகள், இன்புட் விவரம், வருமான வரியின் 26ஏஎஸ், வங்கி அறிக்கை, ஒப்பந்தங்கள். எதைக் கொடுத்தாலும் முகப்புக் கடிதத்தோடு கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். இது சடங்குக்காக இல்லை. கேட்ட ஆவணங்கள் கையில் கிடைத்த நாள், அவர்கள் கடைக்கு வந்து தணிக்கையைத் தொடங்கிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து 3 மாதத்துக்குள் தணிக்கையை முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆணையர் எழுத்தில் காரணம் சொல்லி இன்னும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். நீங்கள் எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் அந்தக் கையெழுத்துதான்.

கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை வையுங்கள். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று, கணக்கர் ஒன்று என்று சொன்னால் மூன்றும் குறிப்பில் ஏறும். தெரியாத கேள்விக்கு “பார்த்து எழுத்தில் தருகிறேன்” என்பது மரியாதையான பதில். அதிகாரியும் அதை மறுப்பதில்லை.

தணிக்கை முடியும் தறுவாயில், கண்ட குறைகளைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்பார்கள். புதியவர்கள் அலட்சியமாக விடுவது இந்தக் கட்டத்தைத்தான். “நோட்டீஸ் வரட்டும், பார்த்துக்கலாம்” என்பார்கள். உண்மையில் எல்லாவற்றையும்விட எளிதாகத் தப்புகளைத் திருத்தும் வாய்ப்பு இதுதான். கிரெடிட் நோட், ஜாப் ஒர்க் சலான், வாடகைப் பிரிவினை போன்ற விளக்கங்கள் இங்கே ஏற்கப்பட்டால் இறுதி அறிக்கையான ஏடிடி-02-இல் அந்தப் பத்தியே இருக்காது. தணிக்கை முடிந்த 30 நாளுக்குள் அந்த அறிக்கை வரும். அதுவே வரி ஆணை இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் அடுத்த நோட்டீஸ் எழுதப்படும்.

உண்மையிலேயே வரி விட்டுப்போயிருந்தால் வாதாடிக்கொண்டிருக்காமல் டிஆர்சி-03 படிவத்தில் வட்டியோடு கட்டிவிடுங்கள். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். மேலே சொன்ன 45,000 நிஜமாகவே பாக்கி என்றால், 10 மாதத்துக்கு 6,750. வேண்டுமென்று மறைத்த விவகாரமாக இல்லாதபோது, நோட்டீஸுக்கு முன்பே வரியும் வட்டியும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. மறைத்தது என்று அவர்கள் கருதினால்கூட நோட்டீஸுக்கு முன் 15 சதவீத அபராதத்தோடு முடிக்க வழி இருக்கிறது, தாமதமாகத் தாமதமாக அந்தச் சதவீதம் ஏறும். 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு 73, 74-ஆம் பிரிவுகளும், 2024-25 முதல் 74ஏ பிரிவும் பொருந்தும். எந்த ஆண்டுக்கு எந்தப் பிரிவு என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

போர்ட்டலில் ‘கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்’ என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. சாதாரண நோட்டீஸ் பக்கத்தில் தெரியாத பல கடிதங்கள் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காமலே விட்டு, ஆணை வந்து வங்கிக் கணக்கு முடங்கிய பின் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் ஏராளம். விவாதத்தில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டு, மறுபடி விசாரிக்கட்டும் என்று பல வழக்குகளில் நீதிமன்றம் கருணை காட்டியிருக்கிறது. அந்தச் செலவுக்குப் பதிலாக, வாரம் ஒருநாள் அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கும் வேலையைக் கடையில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பதிவில் உள்ள மொபைல் எண்ணும் மெயிலும் பழைய கணக்கருடையதாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

ஆணையே வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் தாமதத்தை மன்னிப்பார்கள், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. ஏற்றுக்கொண்ட தொகையை முழுதாகவும், மறுக்கும் வரியில் 10 சதவீதத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கென்றால் 2030 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடோ நீதிமன்ற வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரை அந்த ஆண்டுக்குரியவற்றைத் தொடக்கூடாது. பழைய பில் கட்டுகளைப் பேப்பர் கடைக்கு எடைக்குப் போடும் முன் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் டாலி டேட்டாவுக்கும் இதே கணக்குதான், ஒரு பிரதியை கடைக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வையுங்கள்.